பெற்றோர் கைபேசி எண்

போனு அடிக்கட்டுமுங்க அம்மிணி. அது பாட்டுக்கு அடிச்சு ஓயட்டும், நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. புருசங்கூடச் சண்டை போட்டுட்டுப் பொட்டியைத் தூக்கிட்டு வந்தவளாட்ட இருக்குதேன்னு பாக்கறீங்களா? அந்தச் சண்டையெல்லாம் எனக்கு இருபத்தி மூணு வயசுலயே முடிஞ்சு போச்சுங்க. இப்ப அடிக்கறது சங்கவி. எம்பட புள்ளைங்க. பெத்த புள்ளை இல்லீங்க. ஆனா அவ படிக்கற காலேஜுல கேட்டுப் பாருங்க, அந்தப் புள்ளையோட அப்பா அம்மா நம்பருன்னு எம்பட நம்பரைத்தான் எடுத்துக் காட்டுவாங்க.

இன்னைக்கு அவளுக்குப் பட்டமளிப்பு விழாங்க. பல்லடம் தாண்டி, ரோட்டு மேலயே ஆர்ச்சு வெச்சு ஒரு காலேஜு இருக்குதல்லங்க, அங்கதான் இந்தப் பஸ்ஸுல போயிட்டிருக்கறேன். காலையில வெடியறதுக்கு முன்னாலயே தலைக்குத் தண்ணி வார்த்து, இந்தச் சேலையை எடுத்துக் கட்டிட்டேன். நல்லா இருக்குதுங்களா? இந்தக் கலரு எனக்கு எடுக்காதுன்னு அவ சொல்லுவா. சொன்னாச் சொல்லிட்டுப் போறா, பீரோவுல இருக்கறதுல இதுதானுங்க புதுசு. "பெற்றோர்கள் தவறாமல் வருக"ன்னு மெசேஜ் வந்துச்சு. எனக்குத்தான் வந்துச்சு. வேற ஆருக்கும் வரலீங்க.

அப்பறம் ஏன் போனை எடுக்கமாட்டேங்கறேன்னு கேப்பீங்க. நாயமான கேள்விதான். சொல்றேனுங்க, பஸ்ஸும் நகர்றாப்பல தெரியல. பைப்பு போடறோம்னு ரோட்டைத் தோண்டிப் போட்டுட்டு ஆளையே காணோம் பாருங்க. அருள்புரத்தைத் தாண்டறதுக்குள்ள மனுசனுக்கு ஆயுசு முடிஞ்சிரும்.

அவளுக்கு வேண்டியது நானில்லீங்க. எம்பட போனுக்கு வர்ற ஒரு நம்பரு. ஓடிபிங்கறாங்கல்ல, ஆறு எண்ணு, அது. சென்னையில ஒரு கம்பெனியில அவளுக்கு வேலை கெடைச்சிருக்குது. இன்னைக்குப் பன்னெண்டு மணிக்குள்ள பாஸ் பண்ணின சர்டிபிகேட்டைக் கம்பெனிக்கு அனுப்போணுமாம், இல்லேன்னா அந்த வேலை அடுத்த ஆளுக்குப் போயிருமாம். சர்டிபிகேட்டு காலேஜு வெப்சைட்டுல இருக்குது. அதைத் தொறக்கோணும்னா ஓடிபி வேணும். ஓடிபி வர்றது எங்கிட்ட. ஆபீசுல சொல்லி மாத்திக்கலாமுன்னா, இன்னைக்கு விழாவாச்சே, ஆபீசுக்காரங்க அத்தனை பேரும் மேடைக்குப் பக்கத்துல நின்னுட்டு இருக்கறாங்களாம். இதெல்லாம் அவ வாய்ஸ் மெசேஜுல சொன்னதுங்க. நேத்திலிருந்து ஒம்பது தடவை கூப்பிட்டிருக்கறா. ஆறு மாசமா ஒரு வார்த்தை பேசாத புள்ளை, ஒரே நாளுல ஒம்பது தடவை.

எடுத்துச் சொல்லிட்டா என்னன்னு உங்களுக்குத் தோணும். சொல்லிட்டாப் போச்சு, எல்லாம் முடிஞ்சு போச்சு. உள்ள போன ஒடனே அவ பண்ணற மொத வேலை, எம்பட நம்பரை எடுத்துட்டு அவ நம்பரைப் போட்டுக்கறது. அதையும் அவளே சொல்லியிருக்கறா. "நம்பரையும் மாத்திக்கறேங்கக்கா, இனி உங்களுக்குத் தொந்தரவு இருக்காது"ன்னு. தொந்தரவாமா! கேட்டீங்களா கதையை?

அதுக்குத்தான் நேர்லயே போறேன். போனு எங்கிட்டத்தானே இருக்குது, போனு அவ பக்கத்துக்குப் போனா ஆகாதா? பக்கத்துல நின்னு, "இந்தா கண்ணு, நீயே பாத்துப் போட்டுக்க"ன்னு கையில குடுத்துருவேன். மொகத்துக்கு மொகம் பாத்தா ஒரு வார்த்தை பேசித்தானே ஆகோணும். பதினொண்ணு இருபதுங்களா மணி? போயிரலாம். பாதை விட்டா இருபது நிமிசம்.

நான் டீச்சர் இல்லீங்க. உங்களுக்கு அப்படித் தோணியிருந்தா நல்லதுதான், ஆனா நான் பத்தாவதுல கணக்குல கோட்டை விட்டவ. பனியன் கம்பெனியில பேக்கிங் செக்சன், பதினெட்டு வருசம். எங்க ஹவுசிங் யூனிட்டுக்கு ஒரு டிரஸ்டுக்காரங்க வந்து, பொழுதோட, சாயங்காலம் புள்ளைங்க படிக்கறதுக்கு ஒரு மையம் தொறந்தாங்க. பத்தாவது, பன்னெண்டாவது படிக்கற புள்ளைங்க. பாடம் சொல்லிக் குடுக்க வேற ஆளுங்க வருவாங்க. புள்ளைங்களைப் புடிச்சிட்டு வர்றதுக்கு ஒரு ஆளு வேணுமல்லங்க, அதுக்கு நானு. "மயிலாத்தா, நீங்கதான் ஒருங்கிணைப்பாளரு"ன்னு பேட்ஜு மாட்டி விட்டாங்க. மயிலக்கான்னா எங்க யூனிட்டுல சின்னக் கொழந்தைக்கும் தெரியும் அப்ப.

எங்க பனியன் ஊரைப் பத்தித் தெரியுமுங்களா? நீங்க எந்த ஊரோ. இங்க புள்ளைங்க படிக்காமப் போறதுக்கு மக்குன்னு காரணம் கெடையாது. தெருமொனையிலயே வேலை நிக்குது. லீவுல பனியன்ல பிசிறு நூலு வெட்டப் போவாங்க, சனிக்கிழமையானாக் கையில சம்பளம், அப்பறம் ஸ்கூலு தொறந்தா வரமாட்டாங்க. நான் கம்பெனி வாசல்ல போய் நிப்பேன். சூப்பர்வைசருகிட்ட, "பரிச்சை முடியற வரைக்கும் இந்தப் புள்ளையை விடுங்க சாமி"ன்னு கெஞ்சுவேன், அவன் விடலைன்னாச் சத்தம் போடுவேன். சாதிச் சான்று, வருமானச் சான்று, மொதல் பட்டதாரிச் சான்றுன்னு தாலுகா ஆபீசுப் படியை ஏறி ஏறி எறங்கினது நானு. காலேஜுக்கு நாப்பத்தி ஒரு புள்ளைங்களை அனுப்பியிருக்கறேனுங்க. நாப்பத்தி ஒண்ணு. சும்மா இல்லை.

இந்த நம்பரு விசயத்துக்கு வர்றேன். காலேஜு அப்ளிகேசன் பாரத்துல ஒரு கட்டம் இருக்குது, பெற்றோர் கைபேசி எண்ணுன்னு. எங்க புள்ளைங்க வீட்டுல அதுதானுங்க பெரிய தலைவலி. அப்பன் மாசத்துக்கு ஒரு சிம்மு மாத்துவான். அம்மா போனு கம்பெனி லாக்கருல கெடக்கும். தேன்மொழின்னு ஒரு புள்ளை, மையம் தொறந்த மொத வருசம், அவளுக்கு சீட்டு கெடைச்ச சேதி அவங்கப்பன் போனுக்குப் போச்சு, அந்தப் போனைக் குடிச்சுப்போட்டு எங்கயோ தொலைச்சுட்டான். சீட்டு போச்சு. அந்தப் புள்ளை இப்பவும் ஓவர்லாக் தையல் மிஷின்லதான் உக்காந்திருக்கறா. அன்னைக்கு முடிவு பண்ணினேன். இனி எல்லாப் பாரத்துலயும் எம்பட நம்பருதான். நானென்ன குடிக்கறனா, சிம்மை மாத்தறனா, ஊரை விட்டுப் போறனா? இருபது வருசமா ஒரே நம்பரு, ஒரே வீடு. டிரஸ்டு சாரு கூட, "இது சரியா வருமா மயிலாத்தா"ன்னு இழுத்தாரு. நான் விடலை.

அப்பறம் பாக்கோணுமே! காலையில பத்தரை ஆச்சுன்னாப் போனு கெடந்து துடிக்கும். "உங்கள் மகன் இன்று வகுப்புக்கு வரவில்லை." "உங்கள் மகள் இரண்டாம் பருவத் தேர்வில் தேர்ச்சி பெற்றுள்ளார்." அதுல சில காலேஜு பொறந்தநாளுக்கு வாழ்த்து கூட அனுப்புவாங்க, "உங்கள் அன்பு மகளுக்கு"ன்னு. இங்கிலீசுல வர்றதைப் பக்கத்து வீட்டுல குடுத்துப் படிக்கச் சொல்லுவேன். படிச்சுப் படிச்சு எனக்கே பாதி வந்துருச்சு. ஆப்சென்ட்டுன்னா எனக்கு மனசு ஆறாது, ஒடனே போனைப் போட்டுருவேன். "ஏன்டா கோகுலு, காலேஜு போகலையா, காச்சலா?"ன்னா, "ஆருங்க பேசறது?"ங்கறான். மூணு வருசம் எம்பட வீட்டு வாசப்படியில உக்காந்து சோறு தின்னவன். "மயிலக்காடா"ன்னா, "ஓ... கிளாசுல இருக்கறேங்கக்கா, அப்பறம் பேசறேன்"னு வெச்சுட்டான். கிளாசுல இருக்கறவனுக்கு எப்படி ஆப்சென்ட்டு வருமுங்க? எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. அப்பறம் அவனுக்கு அடிச்சா ரிங்கே போகறதில்லை.

டிரஸ்டுக்காரங்க ரெண்டு வருசத்துக்கு முன்னால வேற பக்கம் போயிட்டாங்க. ஃபண்டு நின்னு போச்சாமா. மையம் இருந்த ரூமுல இப்ப தண்ணி கேன் அடுக்கி வெச்சிருக்கறாங்க. நான் வருத்தப்படலீங்க, மெசேஜுதான் வந்துட்டே இருக்குதேன்னு இருந்தேன். ஆனா புள்ளைங்க படிச்சு முடிக்க முடிக்க அதுவும் ஒவ்வொண்ணா நின்னு போச்சு. நாப்பத்தி ஒண்ணு பத்தாச்சு, பத்து நாலாச்சு. இப்ப இந்தச் சங்கவி ஒருத்தி பேருலதான் வருது. ஒரு நாளைக்கு ஒண்ணு, சில நாளு அதுவும் இல்லை. சிம்மு கம்பெனிக்காரன் அனுப்பற ரீசார்ஜ் மெசேஜெல்லாம் கணக்குல சேத்தமாட்டேன்.

பாருங்க, மறுபடியும் அடிக்கறா. அடிக்கட்டும்.

சங்கவி ஒரு தனிப் பொறவிங்க. தேனிப் பக்கத்துல இருந்து வந்தவங்க அவங்க. அப்பன் இல்லை. அம்மா பேச்சியம்மா, அவளும் பனியன் கம்பெனிதான், செக்கிங் செக்சன், ஒன்றரை ஷிப்டு பாத்துட்டு ஒம்பது மணிக்கு மேலதான் வருவா. அதனால இந்தப் புள்ளை மையம் முடிஞ்சு நேரா எம்பட வீட்டுக்கு வந்துரும். ஆறு மணிக்குக் கதவைத் தட்டுவா. "அக்கா, இன்னைக்கு என்னங்க கொழம்பு?" அதுதான் மொதக் கேள்வி. எங்கூட அரிசியும்பருப்புச் சாப்பாடு தின்னு தின்னு எங்க பேச்சே பேச ஆரம்பிச்சுட்டா. கட்டலுக்குக் கீழ உக்காந்து கணக்குப் போடுவா, நான் மேல உக்காந்து டிவியைச் சத்தமில்லாமப் பாப்பேன். ஆரும் பேசிக்கமாட்டோம். அது ஒரு மாதிரி நல்லா இருக்குமுங்க. சொன்னாத் தெரியாது.

பன்னெண்டாவதுல நல்ல மார்க்கு. புள்ளியியல் படிக்கோணும்னா. அப்படீன்னா என்னன்னு கேட்டதுக்கு, எத்தனை பேருக்கு என்ன ஆகும்னு கணக்குப் போட்டுச் சொல்றதுன்னா. எனக்கு வெளங்கல. சென்னையில ஒரு கவர்மெண்டு காலேஜுல, ஹாஸ்டலோட, அதுக்கு அப்ளிகேசன் போட்டா. மையத்துக் கம்ப்யூட்டருலதான் போட்டோம். நம்பரு கட்டத்துல நானே தட்டினேன்.

ஒரு செவ்வாக்கிழமை மத்தியானம் அந்த மெசேஜ் வந்துச்சு. எடம் கெடைச்சிருக்குது, வெள்ளிக்கிழமைக்குள்ள நேர்ல வந்து சேந்துக்கோணும்னு. பக்கத்து வீட்டுல குடுத்துப் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

சாயங்காலம் சொல்லிக்கலாம்னு இருந்தேனுங்க. வந்தவ தலைவலின்னு படுத்துட்டா. சரி, நாளைக்குச் சொல்லலாம்னு விட்டேன். புதன்கிழமை பாத்தா, அவங்கம்மாளும் கூட வந்திருந்தா, அவளை வெச்சுட்டு எப்படிச் சொல்றது, பயந்துக்குவாள்ல. வேசாழக்கிழமை ராத்திரி சொன்னாக் காலையில எப்படிப் போய்ச் சேருவா, ஒத்தைப் பொட்டப்புள்ளை, சென்னை என்ன பக்கத்துலயா இருக்குது? அப்பறம் வெள்ளிக்கிழமை வந்துருச்சு. நான் மறந்துட்டேன்னு சொன்னாப் பொய்யாயிரும். மறைச்சேன்னு சொன்னாலும்... அதுவும் எனக்கு ஒத்துக்க முடியலீங்க. சொல்லலை, அவ்வளவுதான்.

ஏனுங்க அம்மிணி அப்படிப் பாக்கறீங்க?

நீங்களே ரோசனை பண்ணுங்க. ஹாஸ்டலுக்குப் போன எத்தனை புள்ளைங்க பாதியில திரும்பி வந்திருக்கறாங்க தெரியுமா? சோறு புடிக்காது, இங்கிலீசு புரியாது, பொழுதுக்கும் அழுதுட்டு மூணே மாசத்துல வந்து மிஷின்ல உக்காந்துக்குவாங்க. எம்பட கண்ணாலயே பாத்திருக்கறேன். இங்கன்னா டிரஸ்டு மூலமா இந்தக் காலேஜுல எடம் ரெடியா இருந்துச்சு, பி.காம். தெனமும் வீட்டுக்கு வந்துரலாம். "சென்னையில எடம் வரலையாட்ட கண்ணு, இதுல சேந்துக்க"ன்னேன். ஒரு நாளு பூராவும் கட்டலுக்குக் கீழயே உக்காந்திருந்தா. அப்பறம், "சரிங்கக்கா"ன்னு சேந்துட்டா. மூணு வருசம், ஒரு பேப்பருல பெயில் கெடையாது. காலேஜுலயே ரெண்டாவது. இப்ப வேலையும் கெடைச்சிருச்சு. அப்ப நான் பண்ணினது சரிதானுங்களே? இல்லீங்களா? சரிதானே?

அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்க, தூசி வருது.

போன பொங்கல் நோம்பிக்கு அவ வந்திருந்தா. "அக்கா, உங்க போனு ஏன் இப்படி நத்தையாட்ட நவுருது? மெசேஜே பதினாலாயிரம் இருக்குது, எல்லாத்தையும் அழிச்சுடட்டுமா?"ன்னா. ஒண்ணையும் அழிக்கக்கூடாதுன்னு சொல்லிப்போட்டுத்தான் காப்பி வெக்கப் போனேன். அழிக்கறதுக்கு எனக்கு மனசு வராதுங்க, ராத்திரி தூக்கம் வரலைன்னா அதையெல்லாம் தள்ளித் தள்ளிப் பாத்துட்டுக் கெடப்பேன். யாரு யாரு எந்தப் பாடத்துல பாஸ் பண்ணினாங்கன்னு. அந்தச் செவ்வாக்கிழமை மெசேஜையும் நான் அழிக்கலை. கெட்ட எண்ணம் இருந்தா அழிச்சிருக்க மாட்டனா? நீங்களே சொல்லுங்க. அவ பேரு போட்டு வந்தது, அதை எப்படி அழிக்கறது.

காப்பியோட வந்து பாத்தா, போனை மடியில வெச்சுட்டு உக்காந்திருக்கறா. "இது எப்ப வந்துச்சுங்கக்கா?"ன்னா. தேதிதான் அதுலயே இருக்குதே, அப்பறம் எதுக்கு எங்கிட்டக் கேக்கறா? நான், "உன்ர நல்லதுக்குத்தான் கண்ணு"ன்னேன். அவ சத்தம் போட்டிருந்தாக் கூடத் தேவலீங்க. அழுதிருந்தா நான் புடிச்சுக் கட்டியிருப்பேன். காப்பியை முழுசாக் குடிச்சா. டம்ளரைக் கழுவிக் கவுத்து வெச்சா. வாசல்ல செருப்பை மாட்டிட்டு, "எங்கிட்ட ஒருக்காக் கேட்டிருக்கலாமுங்கக்கா"ன்னா. அவ்வளவுதான். போயிட்டா.

அதுக்கப்பறம் ஆறு மணியானா நான் கதவைத் தொறந்தே வெச்சிருப்பேன், தட்டற வேலை கூட இல்லாமன்னு. வரலை. அவ வீடு பி பிளாக்கு, எம்பட வீடு டி பிளாக்கு, நடந்தா மூணு நிமிசம். மொட்டை மாடியில துணி காயப்போடப் போனா அவங்க ஜன்னல் தெரியும். லைட்டு எரியும். ஆனா மெசேஜு மட்டும் வந்துட்டே இருந்துச்சு. இன்னைக்கு வகுப்புக்கு வந்தா, இன்னைக்கு வரலை, உள்மதிப்பீட்டுல இத்தனை மார்க்குன்னு. அதைப் பாத்தாச் சரி, நல்லா இருக்கறான்னு இருந்துக்குவேன். அவ எங்கூடப் பேசலைன்னாலும் அவ காலேஜு பேசுதல்ல.

என்ன கேக்கறீங்க? அப்ப ஏன் சொல்லலைன்னா?

அதுதான் சொன்னனே, ஹாஸ்டலு, ஒத்தைப் பொட்டப்புள்ளை...

பயமுங்க. வேற என்ன. அந்த மெசேஜைப் படிச்சுக் காட்டின ஒடனே எனக்கு மொதல்ல வந்த நெனப்பு இதுதான். இவ போயிட்டா ஆறு மணிக்கு என்ன பண்ணறதுன்னு. ஒரு ஆளுக்கு என்னத்தைக் கொழம்பு வெக்கறதுன்னு. பதினெட்டு வருசம் பேக்கிங்ல நின்னேன், ஒண்டியாத்தான் இருந்தேன், ஒண்ணும் தோணலை. இந்தப் புள்ளை வந்து கட்டலுக்குக் கீழ உக்காந்ததுக்கப்பறம் என்னால முடியலீங்க. இதை நான் ஆருகிட்டயும் சொன்னதில்லை. உங்களை எனக்கு ஆருன்னே தெரியாது, அதனால வாயில வந்துருச்சு.

மணி என்னங்க? பதினொண்ணு நாப்பத்தஞ்சா? நகரவே இல்லியே இந்தக் கெரகம்! டிரைவருங்க, ஏனுங்க, எப்பத்தான் எடுப்பீங்க? ...அந்தாளு எறங்கிப் போய் டீக் குடிக்கறான் பாருங்க.

அடிக்குது. எடுக்கோணுங்கறீங்களா? எடுத்தா நேர்ல பாக்க முடியாதுங்களே. பதினஞ்சு நிமிசந்தான் இருக்குதுங்கறது எனக்கும் தெரியுதுங்க. போன தடவை மூணு நாளு இருந்துச்சு. ...சரி. சரி, கையைப் புடிக்காதீங்க, எடுக்கறேன். இதைத் தள்ளோணும், இருங்க.

அலோ. சங்கவி? ...ஆமா, மயிலக்காதான். ...இல்ல கண்ணு, போனு சார்ஜுல கெடந்துச்சு. ...தெரியும், தெரியும், கேட்டேன். அனுப்பு, இப்பவே அனுப்பச் சொல்லு. ...என்ன சத்தம்? டிவி. வீட்டுலதான் இருக்கறேன், வேற எங்க போகப் போறேன்.

வந்துருச்சு, இரு. மொத எண்ணு நாலு. நாலு போட்டுட்டியா? காலையில சாப்பிட்டியா? ...என்ன சாப்பிட்டே? ...சரி, சரி, சொல்றேன். அடுத்தது சைபரு. ஏன் கண்ணு, அம்மா வந்திருக்கறாளா? ...லீவு போட்டுட்டா வந்திருக்கறா? ...நல்லது. நல்லதாப் போச்சு. அவதானே வரோணும். ...ஏழு. ...ஏழுதான். அடுத்ததும் ஏழு. ரெண்டு ஏழு. அங்கி எல்லாம் குடுத்துட்டாங்களா? தொப்பி? ...ம். போட்டோ எடுத்துக்கோ. அம்மாளையும் நிக்க வெச்சு எடு, அவ வெக்கப்படுவா, விடாதே. ...சொல்றேன், சொல்றேன், அவசரப்படாதே. ஒண்ணு. அஞ்சாவது ஒண்ணு. சென்னையில எங்க தங்குவே? ...எத்தனை பேரு ஒரு ரூமுல? ...சோறு?

கண்ணு. சங்கவி. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எம்மேல கோவமா இருக்கறியா?

...

ம். சரி. ஒம்பது. கடைசி எண்ணு ஒம்பது.

...போயிருச்சா? உள்ள போயிருச்சா? ...சரி கண்ணு. நல்லா... அலோ. அலோ.

வெச்சுட்டா.

என்ன சொன்னாள்னா கேக்கறீங்க? கோவமான்னு கேட்டதுக்கா? "டைம் முடியப் போகுதுங்கக்கா"ன்னா.

நாயந்தானுங்க. அந்த நம்பரு பத்து நிமிசந்தானே இருக்கும். நான் பாட்டுக்குச் சோறு தின்னியா, தண்ணி குடிச்சியான்னு இழுத்துட்டு இருந்தா அவ என்ன பண்ணுவா. வேலை முக்கியமில்லீங்களா. குடுத்துட்டேனல்ல, நேரத்துக்குக் குடுத்துட்டேன். இந்தத் தடவை குடுத்துட்டேன்.

இல்லீங்க, அழுகலை. கண்ணுல இந்த ரோட்டுத் தூசி.

வண்டி கெளம்பிருச்சு பாருங்க. இத்தனை நேரம் நின்னுட்டு இப்பக் கெளம்பறான். புடிச்சு உக்காருங்க, பள்ளம்.

என்னமோ மெசேஜ் வந்திருக்குது, கொஞ்சம் படிங்க அம்மிணி. இங்கிலீசுல இருக்குது, எனக்கு எழுத்தும் மங்கலாத் தெரியுது. ...அப்படீன்னா? ...இந்தக் கணக்குல இருந்து உங்க நம்பரை எடுத்துட்டோம்னா? இனிமே இதுக்கு எதுவும் வராதுன்னா போட்டிருக்குது? ...அதுக்குள்ளயா? சுறுசுறுப்புத்தான். அந்தப் புள்ளை எப்பவுமே அப்படித்தான், ஒரு வேலையை எடுத்தா முடிச்சுட்டுத்தான் திரும்பும்.

எடுத்துட்டோம்னு சொல்றதுக்கும் எனக்குத்தான் அனுப்பியிருக்கறாங்க பாருங்க.

மணி பன்னெண்டரை ஆச்சுங்களா? இந்நேரம் பேரைக் கூப்பிட்டிருப்பாங்க. அந்தா, அதுதான் ஆர்ச்சு. எவ்வளவு கூட்டம் பாருங்க, எல்லாம் அப்பா அம்மாங்க. பச்சைச் சேலை கட்டிட்டு அங்க நிக்கறது பேச்சியம்மாளாட்ட இருக்குது. இல்லை, அவ இன்னும் கொஞ்சம் ஒசரம்.

கண்டக்டர் விசிலு ஊதறான். எனக்குக் கேக்குதுங்க அம்மிணி, நீங்க எந்திரிக்க வேண்டாம், வழி விட வேண்டாம். நான் வீட்டுல இருக்கறேன்னுதானே அவகிட்டச் சொல்லியிருக்கறேன்.

இல்லீங்க தம்பி, காலேஜு ஸ்டாப்புக்கு இங்க ஆரும் இல்லீங்க. ரைட் குடுங்க.